நோர்போக்கில் ஒரு சின்னக் கார் தேடி

இங்கிலாந்துப் பிரயாணம் பற்றி எழுதுபவர்களில் அதிகமானோர் லண்டனோடு நின்றுவிடுகிறார்கள். மணிக்கூண்டு, தேம்ஸ் நதி, அரண்மனைக் காவலர் என்று நீங்கள் வாசித்து அலுத்தே போயிருப்பீர்கள். இம்முறை உங்களை வேறொரு மூலைக்கு அழைத்துச் செல்கிறேன். போகும் காரியமும் சற்று வித்தியாசமானது. ஒரு பாவித்த கார் பார்க்கப் போகிறோம். அதுவும் குடும்பக் கார் அன்று. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்து வைக்கக்கூடிய, பாரம் குறைந்த சின்னஞ்சிறு விளையாட்டுக் கார்.

இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் வட கடலுக்குள் முதுகைத் தள்ளிக்கொண்டு கிடக்கும் மாவட்டம் நோர்போக். அதன் நகரம் நோரிச். மாவட்டம் முழுவதும் ஏறக்குறையத் தட்டை நிலம். கரையோரத்தில் 'பீக்கன் ஹில்' என்ற மேடு இருக்கிறது. உயரம் சுமார் 103 மீற்றர். மாவட்டத்திலேயே உயரமான இடம் அதுதானாம்! கடுகண்ணாவை வளைவில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து பழகிய நமக்கு அதை மலையென்று சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் பாதைகள் நேராக இல்லை. பழைய வயல்களின் எல்லையைச் சுற்றிச் சுற்றி, இரு பக்கமும் வேலிச் செடி வளர்ந்து, ஒரு கார் போனால் மறு கார் ஒதுங்க வேண்டிய அளவில் ஓடுகின்றன. பெரிய கார் வைத்திருப்பவருக்கு அது தலையிடி. சின்னக் கார் வைத்திருப்பவருக்கு அதுவே சந்தோஷம்.

நோரிச்சிலிருந்து தென்மேற்கே ஏழெட்டு மைல் போனால் ஹெத்தல் என்ற கிராமம். ஒரு சிறிய தேவாலயம், அதற்குப் பக்கத்தில் முள்மரமொன்று. எழுநூறு வருடத்துக்கு மேற்பட்ட மரமென்று சொல்கிறார்கள். அந்த ஒரு மரத்துக்காகவே சுற்றி வேலியடித்து, வனவிலங்கு அறக்கட்டளையொன்று அதைப் பாதுகாக்கிறது. மரத்திலிருந்து சற்றுத் தூரத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத்தளம் கிடக்கிறது. அமெரிக்காவின் 'லிபரேட்டர்' குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்துதான் பறந்தன. யுத்தம் முடிந்து விமானங்கள் போய்விட்டன. 1966இல் அந்த இடத்துக்கு ஒரு கார் தொழிற்சாலை வந்தது. லோட்டஸ் கொம்பனி. விமானம் ஓடிய தளத்திலேயே கார்களை ஓட்டிப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள்.

லோட்டஸை ஆரம்பித்த கொலின் சப்மன் 1948இல் ஒரு பழைய 'ஒஸ்டின் செவன்' காரைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டினார். தகப்பனாரின் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்தான் லோட்டஸ் கொம்பனியின் முதல் தொழிற்சாலை. 1982இல் அவர் இறக்கும்வரை அவருடைய மூளையைக் குடைந்துகொண்டிருந்தது ஒரே விடயம்: பாரத்தைக் குறைப்பது. 1962இல் வந்த 'எலான்' என்ற அவருடைய கார் 700 கிலோவுக்குள் இருந்தது. நடுவில் முதுகெலும்பு போல ஒரு உருக்குச் சட்டம், அதன்மேல் கண்ணாடி நார் உடல், அவ்வளவுதான்.

பாரம் குறைந்தால் என்ன நன்மை என்று நீங்கள் கேட்கலாம். சந்தைக்குப் போய் இரண்டு கையிலும் பத்துப் பத்துக் கிலோ பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும்போது எதிரில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் உங்களால் சட்டென்று ஒதுங்க முடியுமா? வெறுங்கையோடு வந்தால் முடியும். காரும் அப்படித்தான். பாரம் குறைந்த காருக்குச் சிறிய எஞ்சின் போதும்; பிறேக் பிடித்தால் சீக்கிரம் நிற்கும்; வளைவில் திரும்பும்போது டயருக்கு வேலை குறைவு. எல்லாவற்றையும் விட, மணிக்கு நாற்பது மைலிலேயே ஓட்டுபவருக்கு அந்த உணர்ச்சி கிடைத்துவிடுகிறது. நூறு மைலில் பறந்து உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

நம் ஊரில் ஓடும் பிரியஸ் கார் சுமார் 1,400 கிலோ. மாருதி ஓல்டோ சுமார் 700 கிலோதான். அப்படியானால் ஓல்டோவும் விளையாட்டுக் காரா என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி! ஆசனம் நிலத்தோடு ஒட்டியிருப்பது, பின் சில்லுகள் காரைத் தள்ளுவது, முன்னும் பின்னும் பாரம் சமமாகப் பிரிந்திருப்பது, இந்த மூன்றும் சேர வேண்டும்.

நிற்க. ஒரு மௌலவிக்கு இந்த விளையாட்டுக் காரோடு என்ன சம்பந்தம்? என் ராத்தாவின் மகன் நோரிச்சில் கணக்காளராக வேலை செய்கிறான். மனைவி மருந்தாளர். ஒன்றரை வயதில் ஒரு ஆண் குழந்தை. 2024 ஏப்ரலில், நோன்புப் பெருநாள் கழிந்து, அரபுக் கல்லூரி திறக்கும் முன் கிடைத்த லீவில் நான் அங்கு போயிருந்தேன். சிறு வயதில் படம் வெட்டி ஒட்டிய நாளிலிருந்து மருமகனுக்கு இந்தச் சின்னக் கார்களில் ஒரு மோகம். நான்கு வருடமாகச் சேர்த்து வைத்த 3,500 பவுண் அதற்கென்று தனியாக இருந்தது. குடும்பத்துக்குப் பயன்படும் கார் வேறாக உண்டு. வந்த இரண்டாம் நாளே, "மாமா, சனிக்கிழமை கார் பார்க்கப் போவோம், நீங்களும் வாங்க" என்றான். அவனுடைய மனைவி தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நாங்க மூணு பேரு மாமா. அதுல ஸீட் ரெண்டுதான். அத மட்டும் அவருக்குச் செல்லிக் குடுங்க."

அந்தக் கேள்விக்கு மருமகனிடம் பதில் இருக்கவில்லை. என்னிடமும் இருக்கவில்லை. பார்ப்பதில் நட்டமில்லை என்று கிளம்பினோம். அவளும் குழந்தையும்கூட வந்தார்கள். குடும்பக் காரில் நால்வர்.

முதலில் ஹெத்தல். மருமகனுடைய கனவுக் கார் லோட்டஸின் 'எலிஸ்'. 1996இல் விற்பனைக்கு வந்து 2021 வரை அங்கே செய்யப்பட்ட கார். அலுமினியத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டியே அதன் சட்டத்தைச் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? ஆரம்ப கால எலிஸ் முழுக் காரும் 725 கிலோவைச் சுற்றித்தான். அப்போதைய தலைவர் இத்தாலியர் ரொமானோ ஆர்த்தியோலி தன் பேத்தி எலிஸாவின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். வேலிக்கு வெளியே நின்று உள்ளே பரிசோதனைத் தளத்தில் ஓடும் காரின் சத்தத்தைக் கேட்டோம். மருமகன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

ஆனால் நல்ல எலிஸ் ஒன்றின் விலை அவனிடமிருந்த பணத்தைப்போல் நான்கைந்து மடங்கு. ஆரம்ப கால எலிஸிலுள்ள ரோவர் எஞ்சினில் ஹெட் கேஸ்கட் போகும் வியாதி பிரசித்தமானது. கூலன்ட் தண்ணீர் குறைகிறதா, எண்ணெய்யில் பால் கலந்ததுபோல் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்காமல் எவரும் அதை வாங்குவதில்லை. இன்னொரு விடயமும் உண்டு. அந்தக் காரின் கதவுப்படி அகலமும் உயரமும் கூடியது. ஏறுவதென்றால் ஒரு காலை முதலில் உள்ளே போட்டு, உடம்பை மடித்து இறக்க வேண்டும். "அபாயாவோட இதுல ஏறி இறங்கிக் காட்டுங்க பார்ப்போம்" என்று மருமகள் சொன்னதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எலிஸ் கதை அத்தோடு முடிந்தது.

அப்படியானால் எதைத் தேடுவது? இங்கிலாந்துக்காரர்கள் ஒரு காலத்தில் ஏழைக்கேற்ற விளையாட்டுக் காரை ஏராளமாகச் செய்தார்கள். 1958இல் வந்த 'ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்' அவற்றில் ஒன்று. பொனட்டின்மேல் இரண்டு விளக்கும் விழித்துக்கொண்டு நிற்பதால் தவளைக்கண் என்று பெயர் வைத்துவிட்டார்கள். உங்கள் வாப்பாவோ பாட்டனாரோ மொரிஸ் மைனர் ஓட்டியிருந்தால் இந்தக் கார் உங்களுக்குப் பாதி உறவு. அதன் ஸ்டியரிங் பெட்டி மொரிஸ் மைனருடையது. எஞ்சின் ஒஸ்டின் ஏ-35இனுடையது, மைனருக்குப் போட்ட அதே வகை. வெளியே கதவுக் கைபிடி இல்லை, டிக்கிக்கு மூடி இல்லை. சாமானை ஆசனத்துக்குப் பின்னால் தலையை நுழைத்துத்தான் எடுக்க வேண்டும். விலையைக் குறைக்க அவ்வளவு சிக்கனம்! சுமார் 49,000 கார்கள் செய்தார்கள். பின்னர் எம்.ஜி. மிட்ஜெட் வந்தது. அவற்றைக் கட்டிய அபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. இன்று அவை பழம்பொருள். கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்களுக்கும், மழையில் நனையச் சம்மதிப்பவர்களுக்கும் மட்டும்தான்.

இங்கிலாந்து கைவிட்டதை ஜப்பான் எடுத்துக்கொண்டது. பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் 1979இல் மஸ்டா கொம்பனியின் கெனிச்சி யமமோத்தோவைச் சந்தித்தபோது, அந்தப் பழைய ஆங்கிலேயக் கார்களைப்போல ஒன்றை நீங்கள் செய்தாலென்ன என்று கேட்டாராம். கேள்வி பத்து வருடம் ஊறிக் கிடந்து, 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் காராக வெளிவந்தது. அதுதான் மஸ்டா எம்.எக்ஸ்-5. லோட்டஸ் எலானின் சாயல் அதன் முகத்திலேயே தெரியும். ஆனால் மழையில் ஸ்டார்ட் ஆகும், எண்ணெய் ஒழுகாது! குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாகிவிடுவதைக் குறிக்கும் ஒரு சொல்லை ஹிரோஷிமா பொறியியலாளர்கள் தங்கள் இலட்சியமாக வைத்துக்கொண்டார்கள். 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. கூரை திறக்கும் இரண்டு ஆசன விளையாட்டுக் கார்களில் வேறெதுவும் இவ்வளவு விற்கவில்லை.

முதல் தலைமுறைக் கார் 1989 முதல் 1997 வரை. விளக்குகள் மூடி திறந்து எழும்பும். பாரம் 950 கிலோவை ஒட்டி. 1998 முதல் 2005 வரை இரண்டாம் தலைமுறை. விளக்கு நிலையானது, கொஞ்சம் பாரம் கூடியது, விலை குறைந்தது. ஜப்பானிலே 'யூனோஸ்' என்ற பெயரில் விற்ற கார்களும் பாவித்தபின் இங்கிலாந்துக்கு நிறைய வந்திருக்கின்றன. ரீகண்டிஷன் வண்டிகளைக் கண்ட நமக்கு அது புதினமல்ல. வேகமானி கிலோமீற்றரில் இருந்தால் அது அந்த வழியில் வந்தது என்று பிடித்துக்கொள்ளலாம். மைலையும் கிலோமீற்றரையும் குழப்பி ஓட்டத்தைக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு.

சகோதரிகளே, இந்தக் காரைப் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களில் எவரும் எம்.எக்ஸ்-5 வாங்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாவித்த பொருள் எதையாவது வாங்காத வீடு உண்டா?

இவற்றின் எஞ்சின் இலகுவில் சாகாது. 60,000 மைலுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட்டை மாற்றி, நேரத்துக்கு எண்ணெய் மாற்றினால் போதும். காலையில் டிக் டிக் என்று மேலே சத்தம் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. இந்தக் காரைக் கொல்வது கறள். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்க அங்கே பாதையெல்லாம் கல்லுப்பைத் தூவுகிறார்கள். காலியிலோ பேருவளையிலோ காத்தான்குடியிலோ வீடுள்ளவர்களுக்கு உப்புக்காற்று தகரத்தை என்ன செய்யுமென்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே உப்பு காற்றில் வருகிறது. அங்கே டயர் அடித்து நேரே காரின் அடிவயிற்றில் பூசுகிறது.

அத்தோடு இந்தக் காருக்கென்று ஒரு தனி வியாதியும் இருக்கிறது. மடக்கும் கூரையில் விழும் மழைத்தண்ணீர் ஆசனத்துக்குப் பின்னால் ஒரு பீலியில் சேர்ந்து, இரு பக்கத்திலும் குழாய் வழியே இறங்கி, பின் சில்லுக்கு முன்னால் சிறு துவாரத்தால் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் அந்தத் துவாரத்தை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டிக்குள் தங்கி, உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே பிஸ்கட் மாதிரி உதிரும்.

முதல் கார் தெட்ஃபோர்ட் பக்கத்துக் கிராமமொன்றில். 1993ஆம் ஆண்டுச் சிவப்புக் கார். கண்ணைப் பறித்தது. விலை மருமகனின் பணத்தை விடச் சற்றுக் கூட. ஆனாலும் அவன் பார்த்த பார்வையிலேயே பேரம் தோற்றுவிட்டது. சொந்தக்காரர் எஞ்சினைப் போட்டுக் காட்டினார், விளக்கை எழுப்பி இறக்கிக் காட்டினார். குழந்தை கைதட்டியது. மருமகள் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். என்ன என்று பார்த்தால், அவர்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த யானைப் பொம்மைக் காந்தம்! ஊரிலிருந்து போகும்போது என் ராத்தா கொடுத்து அனுப்பியது. மெல்லிய துணியில் சுற்றி, காரின் கதவில் வைத்தாள், ஒட்டிக்கொண்டது. முன் மட்கார்டில் வைத்தாள், ஒட்டியது. பின் சில்லுக்கு முன்னால், கதவின் கீழ்ப்பக்கத்தில் வைத்தாள். யானை புல்லில் விழுந்தது. மறுபக்கத்திலும் விழுந்தது. தகரம் இருந்த இடத்தில் பூச்சுக் களிம்பை அப்பி, மேலே சிவப்பு அடித்திருக்கிறார்கள்.

சொந்தக்காரரின் முகம் மாறியது. தனக்குத் தெரியாதென்றார். இருக்கலாம். கல்லூரியில் வியாபாரப் பாடம் நடத்தும்போது பொருளின் 'ஐப்' என்று ஒரு பகுதி வரும். குறையை அறிந்தவன் மறைத்து விற்கக் கூடாதென்பதையும், குறை வெளிப்பட்டால் வாங்கியவனுக்குள்ள உரிமையையும் ஆடு, மாடு, தானியம் என்று உதாரணம் காட்டிச் சொல்லிக் கொடுப்போம். அன்றிலிருந்து என் உதாரணப் பட்டியலில் ஒரு சிவப்புக் காரும் சேர்ந்துகொண்டது.

மருமகன் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. "கறளை வெட்டி ஒட்டினால் சரிதானே" என்று ஒருமுறை மட்டும் சொன்னான். ஒட்டலாம்தான். ஆனால் வெல்டிங் வேலைக்கு அங்கே கூலி எவ்வளவென்று அவனுக்கே தெரியும்.

அன்றிரவு மருமகள் இன்னொரு வழியைக் காட்டினாள். இங்கிலாந்தில் மூன்று வயதைத் தாண்டிய ஏறக்குறைய ஒவ்வொரு காரும் வருடாவருடம் எம்.ஓ.டி. என்ற பரிசோதனையில் தேற வேண்டும். காரின் இலக்கத்தைக் கொடுத்தால் 2005க்குப் பின் நடந்த பரிசோதனைகளின் விபரத்தை அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. எந்த வருடம் தோற்றது, எதற்காகத் தோற்றது, அப்போது எத்தனை மைல், பரிசோதகர் என்ன எச்சரித்தார், எல்லாம் அதில் இருக்கும். மைல் கணக்கு ஒரு வருடம் 90,000 ஆக இருந்து மறுவருடம் 60,000 ஆகியிருந்தால் கதை விளங்கும். நான்கு வருடம் தொடர்ந்து 'கறள் ஆரம்பம்' என்று எழுதிவிட்டு ஐந்தாம் வருடம் ஒன்றுமே எழுதாமலிருந்தால், யாரோ வெல்டிங் செய்திருக்க வேண்டும் அல்லது களிம்பு பூசியிருக்க வேண்டும். எது என்று கேட்க வேண்டும். அவள் மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல ஒவ்வொன்றாக வாசித்துத் தள்ளிவைத்தாள். பதினொரு கார் இரண்டாகச் சுருங்கியது.

அவற்றில் ஒன்று ஒரு வியாபாரியிடம். வெள்ளி நிறம், 38,000 மைல்தான் ஓடியது. கம்பளத்தைத் தொட்டால் ஈரம். உள்ளே சாக்கு வாடை. பின் பிறேக் இறுகிக் கிடந்தது. ஓடாமல் நிற்கும் காருக்கு வருவது அது. குறைந்த மைலைப் பார்த்து மயங்குவோருக்குத் தெரிவதில்லை, கார் நிற்பதனாலும் கெடும் என்று. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

மற்றது ஹோல்ட் என்ற சிற்றூரில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம். நாங்கள் வேண்டுமென்றே மழை நாளில் போனோம். கூரை ஒழுகுமா என்று பார்க்க அதைவிட நல்ல நாள் ஏது? 2002ஆம் ஆண்டு, கடும் பச்சை, 84,000 மைல். அந்த அம்மா எங்களை உட்காரவைத்துத் தேநீர் தந்து, ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதைத் திறக்குமுன் குறைகளைச் சொல்லத் தொடங்கினார். கூரையில் விரலளவு கிழிசல் ஒன்று, தானே தைத்திருக்கிறார். வலப்பக்கக் கதவுக்கடித் தகரம் 2017இல் வெட்டி மாற்றப்பட்டது. வெட்டும்போது எடுத்த படமும் கோப்பில் இருக்கிறது. குளிரில் இரண்டாம் கியர் முதல் சில நிமிடம் அடம்பிடிக்கும். பெல்ட் மாற்றிய பற்றுச்சீட்டு, டயர் வாங்கிய பற்றுச்சீட்டு, எல்லாம் திகதிப்படி.

ஏன் விற்கிறீர்கள் என்று மருமகள் கேட்டாள். "முழங்கால்" என்றார். ஆசனம் நிலத்தோடு இருப்பதால் எழும்ப ஏலவில்லை. பதினான்கு வருடம் ஓட்டிய காரைப் பற்றிச் சொல்லும்போது குரல் சற்றுத் தழுதழுத்தது. உடனே பேச்சை மாற்றிக் குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தார்.

யானைக் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. மருமகன் மழையில் படுத்து, கைவிளக்கை அடித்து, முன் பக்கத்தில் எஞ்சினைத் தாங்கும் சட்டத்தைப் பார்த்தான். இரண்டாம் தலைமுறைக் காரில் கறள் முக்கியமாக ஒளிந்திருக்கும் இடம் அதுதான், எம்.ஓ.டி.யில் தோற்கவைப்பதும் அதுதான். மேலே கொஞ்சம் செம்மை, ஓட்டை இல்லை. டிக்கியின் அடியிலும் ஈரம் இல்லை. நான்கு டயரும் ஒரே வகை. கேட்ட விலை 2,900 பவுண். உரிமைப் பத்திரத்திலிருந்த பெயரும் முகவரியும் அந்த அம்மாவுடையவைதான். காரின்மேல் கடன் எதுவுமில்லை என்பதையும் சிறு கட்டணம் கட்டிப் பரிசீலித்தார்கள். வரி விடயமொன்றும் சொல்ல வேண்டும்: 2001 மார்ச் முதல் 2017 மார்ச் வரை பதிவான கார்களுக்கு எஞ்சின் அளவைப் பார்க்காமல் புகையின் அளவைப் பார்த்து வரி, அதனால் அதற்கு முன் பதிவான அதே காரை விட இதற்கு வரி வேறு. வாங்கிவிட்டுத் திடுக்கிடுவோர் பலர்.

எல்லாம் சரி. ஆனால் முதல் நாள் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே கிடந்தது. நாங்கள் மூன்று பேர், ஆசனம் இரண்டு.

குழந்தையை இதில் கொண்டுபோகலாமா என்றும் விசாரித்தார்கள். முன் காற்றுப்பை இயங்கும் நிலையிலுள்ள ஆசனத்தில் பின்பக்கம் பார்க்கும் குழந்தை ஆசனத்தைப் பூட்டுவது அங்கே சட்டவிரோதம். காற்றுப்பை வெடித்து விரிந்தால் பிள்ளைக்கு உயிராபத்து. இந்தக் காருக்குப் பின் ஆசனமே இல்லை. "எப்படியாவது சமாளிக்கலாம்" என்று மருமகன் தொடங்கியதும் நான் தடுத்துவிட்டேன். பிள்ளை விடயத்தில் அந்தச் சொல் வரக் கூடாது.

பதிலை அவளே சொன்னாள். காரை விட்டு இறங்காமல், மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்க, கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "சனிக்கிழம காலைல ரெண்டு மணித்தியாலம் நீங்க போங்க. மகன நான் பாத்துக்கிறேன். ஞாயித்துக்கிழம ரெண்டு மணித்தியாலம் நான் போறேன். மகன நீங்க பாத்துக்கோங்க. இன்ஷூரன்ஸ்ல என்ட பேரும் ஈக்கோணும்."

மருமகன் வாயைத் திறந்து மூடினான். தன்னுடைய ஆசைக்கு மட்டும்தான் இவ்வளவு நாளும் கணக்குப் போட்டிருக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவளுக்கும் வாரம் முழுவதும் மருந்துக்கடைக் கவுண்டர், பிள்ளை, சமையல். கூரையைத் திறந்துவிட்டுக் கடற்கரைப் பாதையில் தனியே போக அவளுக்கும் ஆசை இருக்குமென்று அவனோ நானோ கேட்டிருக்கவில்லை. இருவர் பெயரையும் போட்டு, வருடத்துக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓட்டமாட்டோமென்று எழுதிக் கொடுத்ததில் இன்ஷூரன்ஸ் கட்டணம் குறைந்தும் வந்தது.

நான் ஊர் திரும்புமுன் வந்த சனிக்கிழமை மருமகன் என்னை ஏற்றிக்கொண்டு போனான். நோரிச்சிலிருந்து வடக்கே குரோமர். அங்கிருந்து ஏ-149 பாதை வழியே கடலை வலப்பக்கம் வைத்து மேற்கே. கருங்கற்சில்லைப் பதித்துக் கட்டிய வீடுகள், பாதைக்கு நெருக்கமாக மதில்கள், கிளே என்ற ஊரில் பழைய காற்றாலை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் நாணல் சதுப்பு. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வேகமானியைப் பார்த்தால் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில்தான். ஆனால் வரப்போகும் வளைவு, வெட்டிய புல்லின் மணம், பக்கத்து வயலில் பறவை எழும்பும் சத்தம் எல்லாம் மடியிலேயே வந்து விழுகின்றன. வேகம் என்று எதை விற்கிறார்களோ அதில் பெரும்பகுதி இதுதான் போலும். பெரிய எஞ்சினுக்கும் பெரிய பெயருக்கும் பணத்தைக் கொட்டுவோர் ஒருமுறை இப்படிப் போய்ப் பார்க்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. மருமகள் தலைத்துண்டை இறுக்கி ஊசி குத்தி, மேலே ஒரு தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு தனியே கிளம்பினாள். இரண்டு மணித்தியாலம் என்று போனவள் இரண்டேமுக்காலில் வந்தாள். அதற்குள் மருமகன் பிள்ளைக்கு இரண்டு முறை உடுப்பு மாற்றி, பால் போத்தலைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கியிருந்தான். வெல்ஸ் என்ற ஊரில் கடல் வற்றி ஒரு மைல் தூரத்துக்குப் பின்வாங்கியிருந்ததாகவும், மணலில் நடந்ததாகவும் சொன்னாள். முகம் குளிரில் சிவந்திருந்தது.

உள்ளே வந்து தேநீர் குடிப்பாளென்று பார்த்தால், திரும்பவும் வெளியே போய்விட்டாள். யன்னலால் எட்டிப் பார்த்தேன். கூரையைத் தளர்த்தி, ஆசனத்துக்குப் பின்னால் குனிந்து, புல்வெட்டி யந்திரத்துக்குப் போடும் தடித்த நைலோன் நூலை அந்தத் தண்ணீர்க் குழாய்க்குள் மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் கீழே துவாரத்தால் கறுத்த இலைக் கஞ்சல் கொஞ்சம் வெளியே வந்து விழுந்தது. பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றி, அது ஒழுங்காக ஓடி வருகிறதா என்று பார்த்தாள்.